மருத்துவக் கஞ்சாவுக்கு உரிய நோய்கள் எவை? என் மகனின் வலிப்பு அவற்றுள் அடங்குமா?

கேள்வி: மெய்ப்புத்திருத்தி, பழைய வண்ணாரப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினோரு வயது, எடை 28 கிலோ. நான்கு வயதில் தொடங்கிய வலிப்புக்கு, இரண்டு ஆண்டுகள் அலைந்த பிறகு, லெனாக்ஸ்-காஸ்டோ நோய்க்குறி என்று பெயர் சொன்னார்கள். உறக்கத்தில் உடல் முழுவதும் விறைத்துக்கொள்வது ஒரு வகை. நின்றுகொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பு ஏதுமின்றி, வெட்டிய வாழைபோலச் சாய்ந்துவிடுவது மற்றொரு வகை. முன்பற்கள் இரண்டு உடைந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயும் அவன் தலையில் கிரிக்கெட் ஹெல்மெட் இருக்கிறது. இப்போது வால்ப்ரோயேட், க்ளோபசாம், லாமோட்ரிஜின் ஆகிய மூன்றும் கொடுக்கிறோம். முன்பு கொடுத்த லெவெடிராசிட்டாம் அவனைக் கடிக்கவும் அடிக்கவும் வைத்ததால் நிறுத்தப்பட்டது. அப்படியும் நாளொன்றுக்கு நான்கைந்து முறை விழுகிறான்.

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிறார். அங்கே மருத்துவக் கஞ்சாவுக்குத் தகுதியான நோய்கள் என்று ஒரு பட்டியல் இருப்பதாகவும், அதில் வலிப்பும் உண்டு என்பதால் மருத்துவர் சான்றளித்து அட்டை பெற்றவர்கள் கடையிலேயே எண்ணெய் வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கி ஒரு பாட்டிலைக் கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இதற்கிடையே, இணையத்தில் பார்த்த ஒரு நிறுவனத்தின் மருத்துவரிடம் காணொளி அழைப்பில் பத்து நிமிடம் பேசி, ‘விஜயா’ (ஆயுர்வேதத்தில் கஞ்சாவின் பெயர்) எண்ணெய் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். காலையில் ஐந்து சொட்டு, இரவில் ஐந்து சொட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 30 மில்லி பாட்டிலின் மேல் ‘1500 மி.கி. விஜயா சாறு’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. தங்கசாலை அச்சுக்கூடத்தில் இருபது ஆண்டுகளாக எழுத்துப் பிழை பார்ப்பவன் என்பதால், ஒரு சீட்டில் இருக்க வேண்டிய வரி இல்லாமல் போனால் எனக்கு உறுத்துகிறது. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

நம் நாட்டில் அப்படியொரு பட்டியல் உண்டா? என் மகனின் நோய் அதில் வருமா? தெருவில் யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை. 2021 டிசம்பரில் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ என்று தொடங்கியதிலிருந்து எங்கள் பகுதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பிள்ளையின் மருந்துக்காகக்கூட அதை வாய்விட்டுச் சொல்ல என் மனைவி கூசுகிறாள்.

பதில் 1: குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், பெரம்பூர்

உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. ஆகவே இதை அவனைக் கவனித்துவரும் மருத்துவரிடம் எடுத்துச் செல்வதற்கான குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் பட்டியல். அமெரிக்காவில் அது மருத்துவ நூலிலிருந்து வந்ததன்று, வாக்குப்பெட்டியிலிருந்து வந்தது. 1996இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் புற்றுநோய், பசியின்மை, எய்ட்ஸ், நாள்பட்ட வலி, தசை இறுக்கம், கண் அழுத்த நோய், மூட்டுவாதம், ஒற்றைத் தலைவலி என்று எட்டைச் சொல்லிவிட்டு, கஞ்சா நிவாரணம் தரும் வேறு எந்த நோயும் சேரும் என்று கதவைத் திறந்து வைத்தது. ஃபுளோரிடாவில் 2016இல் இதேபோல் வாக்கெடுப்பில் வந்த பட்டியலில் வலிப்பு, பார்க்கின்சன், குரோன், மன அதிர்ச்சிக்குப் பிந்தைய உளச்சிக்கல் ஆகியவையும் இருக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் இந்தப் பட்டியல் மாறும். ஒரு நோய் அதில் இடம்பெற்றிருப்பதற்கு, அந்த நோயாளியை அங்கே சட்டம் தண்டிக்காது என்பதுதான் பொருள். மருந்து வேலை செய்யும் என்று யாரும் அதில் கையெழுத்திடவில்லை.

சான்றுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017 ஜனவரியில் வெளியிட்ட பெரிய மதிப்பாய்வில், வலுவான சான்று இருப்பதாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டலும் வாந்தியும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் தாமே உணர்ந்து சொல்லும் தசை இறுக்கம் ஆகிய மூன்றே. வலிப்புக்கு அப்போது போதிய சான்று இல்லை என்றே அவர்கள் எழுதினார்கள். முறையான ஆய்வுகள் அதன் பிறகு, அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. அவற்றின் அடிப்படையில் 2018 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே ஆகிய இரண்டு நோய்க்குறிகளுக்கு அனுமதித்தது. 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மூன்றாவது நோயால் வரும் வலிப்பும் சேர்க்கப்பட்டது.

எனவே ‘வலிப்பு’ என்ற பொதுப்பெயர் உங்களுக்குப் பயன்படாது. உங்கள் மகனுக்குச் சொன்ன அந்த நீண்ட பெயர்தான் பயன்படும். அந்த வகையில் அவன் உண்மையாகவே தகுதியுள்ளவன். ஆனால் எதற்குத் தகுதியுள்ளவன் என்பதையும் பார்க்க வேண்டும். எபிடியோலெக்ஸ் என்பது செடியிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய கன்னபிடையால் என்ற ஒரே பொருள். போதை தரும் டி.எச்.சி. அதில் பொருட்படுத்தும் அளவில் இல்லை. மில்லி ஒன்றுக்கு 100 மி.கி. என்று துல்லியமாக அளந்து, நல்லெண்ணெயில் கரைத்துத் தருகிறார்கள் (எள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது). கஞ்சா என்ற சொல் கேட்டுக் கூசும் உங்கள் மனைவியிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

பலன் எவ்வளவு? விழும் வலிப்புகளை எண்ணிப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. பெற்றவர்களிடம் அவை இடைநிலை மதிப்பில் ஏறத்தாழ 42 விழுக்காடும், 10 மி.கி. பெற்றவர்களிடம் 37 விழுக்காடும் குறைந்தன. வெற்று மருந்து பெற்றவர்களிடமும் 17 விழுக்காடு குறைந்தன என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஐந்து முறை விழுகிறவன் மூன்று முறை விழுவான் என்ற அளவில் எதிர்பார்க்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றி வைக்கலாம் என்ற நம்பிக்கையுடன் தொடங்கினால் மூன்றாவது மாதத்தில் மனம் உடைந்துபோகும்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது, அவன் ஏற்கெனவே விழுங்கும் மருந்துகளைப் பற்றியது. வால்ப்ரோயேட்டுடன் கன்னபிடையால் சேரும்போது கல்லீரல் நொதிகள் உயர்வது அதிகம். அதனால் தொடங்கும் முன்பும், பிறகு முதல், மூன்றாம், ஆறாம் மாதங்களிலும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். க்ளோபசாமுடன் சேரும்போது, க்ளோபசாம் உடலில் மாறி உண்டாகும் பொருளின் அளவு பல மடங்கு கூடி, பிள்ளை நாள் முழுவதும் தூங்கி வழிவான். உங்கள் மகன் இரண்டையும் எடுத்துக்கொள்கிறான். காணொளியில் பத்து நிமிடம் பேசியவர் இந்த இரண்டு பெயர்களையும் கேட்டாரா என்பதை நினைத்துப் பாருங்கள்.

பொருத்தமாகத் தேர்ந்தெடுத்துச் சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துகளுக்கும் கட்டுப்படாத வலிப்பை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று 2010 முதல் உலக அளவில் வரையறுத்திருக்கிறோம். அந்த எல்லையை உங்கள் மகன் எப்போதோ கடந்துவிட்டான். அந்நிலையில் கன்னபிடையால் பல வழிகளில் ஒன்று. ரூஃபினமைடு, டோபிராமேட் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்களா? கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறையைப் பற்றி யாராவது பேசினார்களா? விழும் வலிப்புக்கென்றே மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்புக்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. இவையெல்லாம் கேட்கப்பட்ட பிறகு வர வேண்டிய கேள்வி, அட்டையின் கவர்ச்சியால் முதலில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பதில் 2: வழக்கறிஞர், ஏழுகிணறு

மருத்துவர் தம் பங்கைச் சொல்லிவிட்டார். கூரியரைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். தயவுசெய்து அனுப்பச் சொல்லாதீர்கள்.

1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தில் நோயாளிகளுக்கான பட்டியல் எதுவும் இல்லை, அட்டையும் இல்லை. எட்டாவது பிரிவு, மருத்துவ அல்லது அறிவியல் நோக்கத்துக்காக, அரசு வகுத்த முறைப்படி, உரிமத்துடன் செய்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தடைசெய்கிறது. வியப்பு என்னவென்றால், இதே சட்டத்தின் வரையறைப் பிரிவில் ‘மருத்துவக் கஞ்சா’ என்ற சொல்லே இருக்கிறது. கஞ்சாவிலிருந்து எடுக்கப்படும் எந்தச் சாறும் டிங்க்சரும் (சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு) அதில் அடங்கும் என்றும், அது ‘தயாரிக்கப்பட்ட மருந்து’ வகையைச் சேரும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே சட்டத்தில் வாசல் இருக்கிறது. ஆனால் அது உரிமம் பெற்ற உற்பத்தியாளருக்கும் ஆய்வு நிறுவனத்துக்குமான வாசல். நோய் இருக்கிறது என்று சொல்லித் தனிமனிதர் ஒருவர் அதில் நுழைந்துவிட முடியாது.

ஃபுளோரிடாக் கடையில் விற்கும் எண்ணெய் பூவிலிருந்து எடுத்ததாகவும் டி.எச்.சி. உள்ளதாகவும் இருக்கக்கூடும். அதை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது 23ஆம் பிரிவின் கீழ் இறக்குமதிக் குற்றம். அளவு சிறியதானால் தண்டனை ஓராண்டுக்குள் அடங்கலாம். ஆனாலும் வழக்கு வழக்குதான். சுங்கத்துறை பொட்டலத்தைப் பிரிக்கும்போது மேலே இருப்பது உங்கள் பெயரும் முகவரியும். உங்கள் மைத்துனர் தாமே கையில் எடுத்துவந்தாலும் இதே நிலைதான். வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறினால் ஆபத்து இன்னும் பெரிது. ‘மொட்டை மாடியில் ஒரு செடி வைத்துக்கொண்டால் என்ன?’ என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. செடி வளர்ப்பதற்கு, ஒன்றா நூறா என்ற கணக்கில்லாமல், பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கலாம்.

விஜயா எண்ணெய் எப்படி விற்கப்படுகிறது என்றும் கேட்பீர்கள். சட்டத்தின் பார்வையில் கஞ்சா என்பது பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அந்த இடைவெளியில், ஆயுர்வேத மருந்து உரிமத்தின் கீழ், இலையிலிருந்து எடுத்ததாகச் சொல்லி இவை விற்பனைக்கு வருகின்றன. இலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு என்பதால் இது எல்லா மாநிலங்களிலும் ஒரே நிலையில் இல்லை. மருத்துவர் எழுதிய சீட்டையும் வாங்கிய ரசீதையும் பாட்டிலோடு சேர்த்தே வையுங்கள்.

நேர்வழியும் இருக்கிறது. இந்தியாவில் விற்பனைக்கு வராத ஒரு மருந்தை நோயாளியின் சொந்தப் பயனுக்காக இறக்குமதி செய்ய, 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 12-ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12-பி அனுமதி பெறும் முறை உள்ளது. உங்கள் நரம்பியல் மருத்துவரின் சீட்டு அதற்கு அடிப்படை. தேவைப்பட்டால் அந்தப் பாதையில் செல்லுங்கள். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வேறு ஒப்புதல் வேண்டுமா என்பதையும் விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், ராயபுரம்

தம்பி, பாட்டிலில் ஒரு வரி குறைகிறது என்று உங்களுக்கு உறுத்தியது சரியான உறுத்தல். நூற்றெண்பது ஆண்டுகளாக இந்தச் செடியை மருந்தாக்க முயன்றவர்களை எல்லாம் தடுக்கிவிட்டது அந்த வரிதான்.

1839இல் கல்கத்தாவில் ஓஷானசி என்ற மருத்துவர், கஞ்சாவிலிருந்து எடுத்த சாற்றை வாதநோய், காலரா, டெட்டனஸ் ஆகியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். கைக்குழந்தை ஒன்றின் வலிப்புக்கும் கொடுத்திருக்கிறார். மேற்கத்திய மருத்துவத்துக்குள் இந்தச் சரக்கு நுழைந்தது அவர் வழியாகத்தான். 1850 முதல் 1942 வரை அமெரிக்க மருந்துக் கோவையிலேயே அது இருந்தது. ஆனால் ஒரு பாட்டில் டிங்க்சர் வேலை செய்யும், அடுத்த பாட்டில் செய்யாது, மூன்றாவது பாட்டில் ஆளைக் கிறங்க வைத்துவிடும். எவ்வளவு வீரியம் இருக்கிறது என்பதை அன்று யாராலும் அளக்க முடியவில்லை. டி.எச்.சி.யைத் தனியே பிரித்தெடுத்ததே 1964இல்தான்.

அன்றைய குறை இன்றைய பாட்டிலிலும் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில், இணையத்தில் விற்கும் 84 கன்னபிடையால் சரக்குகளை வாங்கிச் சோதித்தபோது, சீட்டில் எழுதிய அளவோடு ஒத்துப்போனவை 26 மட்டுமே. பதினெட்டில் டி.எச்.சி.யும் இருந்தது. வளரும் மூளைக்கு அது நல்லதன்று.

உங்கள் பாட்டிலையே கணக்குப் போடுவோம். 28 கிலோவுக்கு, கிலோவுக்கு 10 மி.கி. என்றால் நாளொன்றுக்கு 280 மி.கி. மருத்துவர் சொன்ன ஆய்வில் கொடுத்த இரண்டு அளவுகளில் குறைந்தது இதுதான். 30 மில்லியில் 1500 மி.கி. என்றால் மில்லிக்கு 50 மி.கி. பத்துச் சொட்டு ஏறக்குறைய அரை மில்லி. ஆகவே அந்தச் சாறு முழுவதும் கன்னபிடையால்தான் என்று வைத்துக்கொண்டாலும் (அப்படி இருக்காது) உங்கள் மகனுக்குப் போய்ச்சேர்வது 25 மி.கி., அதாவது தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முழு அளவும் அதிலிருந்தே கொடுப்பதானால் பாட்டில் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். மாதம் ஆறு பாட்டில், 19,200 ரூபாய். அப்போது அதில் உள்ள டி.எச்.சி.யும் பதினொரு மடங்காக உள்ளே போகும், அது எவ்வளவு என்பது சீட்டில் இல்லை.

நம் நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடமுண்டு. மருந்து விதிகளில் ‘இ-1’ என்ற நச்சுச் சரக்குகளின் அட்டவணையில், சித்த மருத்துவப் பகுதியில் அபின், எட்டி, சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த அட்டவணைச் சரக்கு உள்ள மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை சீட்டில் இருக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் அந்த வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இதே செடியின் விதையிலிருந்து எடுத்ததை, சணல் விதை எண்ணெய் என்ற பெயரில் தனியாகவும் விற்கிறார்கள். அது 2021இல் உணவாக அனுமதிக்கப்பட்டது. விதையில் கன்னபிடையால் கிடையாது, ஆகவே வலிப்புக்கு அதை வாங்கி ஏமாற வேண்டாம்.

பதில் 4: காலடிப்பேட்டைவாசி

கேள்வி பிள்ளையைப் பற்றியது என்பதால் சுருக்கமாகக் கேட்கிறேன். என் அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோ கொடுத்த வாரம் முழுவதும் வாந்தி, இரவில் தாங்க முடியாத வலி. மருத்துவர் அவர்கள் சொன்ன மூன்றில் இரண்டு இவரிடம் இருக்கின்றன. அப்படியானால் அவருக்காவது இது வேண்டியதுதானா? அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் இருக்கிறது, அதுவும் அந்த எட்டில் வருகிறதே என்று அவரும் கேட்கிறார்.

பதில் 5: குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், பெரம்பூர்

அம்மா, உங்கள் அப்பாவுக்குத் தேவையானவை இங்கேயே சட்டப்படி கிடைக்கின்றன. வாந்திக்கு ஒண்டான்செட்ரானுடன் சிறிய அளவில் ஓலன்சபினும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் டி.எச்.சி. மாத்திரை 1985லேயே இதற்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் அங்கும் மற்ற மருந்துகள் தோற்றபிறகுதான் அதைக் கையிலெடுக்கிறார்கள். வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கச் செய்தார்கள். கடைசி நாட்களுக்கான மருந்து என்று அஞ்சி அதை மறுத்துவிடாதீர்கள். வலிநிவாரண மருத்துவப் பிரிவு எங்கே இருக்கிறது என்று நீங்களே கேட்டுச் செல்லுங்கள்.

அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். கஞ்சா கண் அழுத்தத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்கே அது நிற்கும். இரவும் பகலும் ஆறேழு முறை எடுத்துக்கொண்டால்தான் கண்ணுக்குப் பயன், அதற்குள் மற்ற எல்லாம் கெட்டுவிடும். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமே இதைப் பரிந்துரைப்பதில்லை, அங்கே மாநிலப் பட்டியல்களில் அது இன்னும் இருந்தாலும். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்லுங்கள்.

கேட்டவர்: மெய்ப்புத்திருத்தி, பழைய வண்ணாரப்பேட்டை

நேற்றிரவு எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நல்லெண்ணெயில் கரைத்த மருந்து என்ற இடத்தில் அவள் முகம் சற்றுத் தெளிந்தது. மைத்துனரிடம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருந்தாளுநர் ஐயா சொன்ன எச்சரிக்கை வரி பாட்டிலில் இல்லை. அட்டைப்பெட்டியின் உட்புறத்தில், பூதக்கண்ணாடி வேண்டிய அளவில் இருக்கிறது. இப்படி அச்சிட்டவரை எனக்குத் தெரியும் என்றால் நம்புவீர்களா? நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, கன்னபிடையால் எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று சோதனைச் சாலை அறிக்கையுடன் தரும்படி கேட்டிருக்கிறேன். தராவிட்டால் பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

ரூஃபினமைடு இதுவரை கொடுக்கப்படவில்லை. கீட்டோஜெனிக் உணவைப் பற்றி யாரும் சொன்னதில்லை. வரும் வியாழக்கிழமை வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறோம். அங்கே கூட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் எதைக் காட்ட வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் வீட்டில் காசிமேட்டு மீனும் சோறும்தான் உணவு. சோற்றை நிறுத்தினால் அவன் சாப்பிடுவானா என்பதும் தெரியவில்லை.

பதில் 6: குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், பெரம்பூர்

மீனை நிறுத்த வேண்டியதில்லை, சோற்றைத்தான். நம் ஊர்ச் சமையலுக்கு ஏற்பத் தேங்காயெண்ணெய், முட்டை, மீன் ஆகியவற்றைக் கொண்டே அந்த உணவுமுறையை அமைக்கலாம். ஆனால் உணவியல் நிபுணர் எடை போட்டுக் கொடுக்காமல் நீங்களாகத் தொடங்கக் கூடாது. குறிப்பாக வால்ப்ரோயேட் எடுக்கும் பிள்ளைக்குக் கூடாது.

வியாழக்கிழமைக்கு மூன்று பொருள் போதும். ஒரே தாளில் இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், உச்ச அளவு, நிறுத்திய காரணம். இன்று முதல் நாள்வாரியாக விழுந்த எண்ணிக்கையும் உறக்கத்தில் விறைத்த எண்ணிக்கையும் தனித்தனியாக. கைப்பேசியில் எடுத்த, அரை நிமிடத்துக்கு மிகாத இரண்டு காணொளிகள், விழுவது ஒன்று, விறைப்பது ஒன்று. அவற்றைக் காட்டிவிட்டு, ‘மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வழிகளைப் பார்க்கலாமா, தூய கன்னபிடையால் அவற்றில் எத்தனையாவது?’ என்று கேளுங்கள். கிளம்பும் முன், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்ப்ரே வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதையும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.